அளவு: ஒன்றுக்கு ஐம்பது

மாங்குளம் பழைய புகையிரத நிலையம்.
இடிப்பதற்கு முன் வரைபடம் வேண்டுமாம்.
நாடா, பென்சில், கிரவலில் சரியாக நிற்காத முக்காலி,
நாடாவின் மறுமுனையில் கபிலேந்திரன்.
"இடிக்க என்னக்கா மிச்சம் கிடக்கு?"

கிடந்தது.
கருங்கல் விளிம்பிட்ட மேடை, நூற்றெண்பது அடி.
அதற்கப்பால் ஒரு வீரை மரம்
மேடையைத் தன் பெயருக்கு எழுதி வாங்கியிருந்தது.
மூன்று செங்கல் வளைவு. மூன்றாவதுக்கு ஒரு கால்தான்.
டிக்கெட் சன்னலில் அரைவட்டத் துளை,
அதன் அடிக்கல் நடுவில் அரை அங்குலம் குழிந்து,
சில்லறை தள்ளித் தள்ளி.
ஒரு குழிவை எப்படி வரைவது?
புள்ளிக்கோடு போட்டேன்.

விளக்கறையில் மண்ணெண்ணெய் மணக்குமென்று நினைத்தேன்.
வௌவால்தான் மணத்தது.
கூரை இல்லை. அதன் சாய்வு மட்டும்
பக்கச்சுவரில் ஒரு சுண்ணாம்புக் கோடு: முப்பது பாகை.
புல்லுக்குள் ஒரு கள்ளிக்கோட்டை ஓடு,
கம்பனிப் பெயரில் பாதியோடு.

கொழும்பிலிருந்து பழைய தாளின் பிரதி வந்தது.
யாரோ ஒரு வெள்ளைக்காரனின் சாய்ந்த கையெழுத்து.
முதலாம் வகுப்புக்கு ஓர் அறை,
சீமாட்டிகளுக்கு ஓர் அறை,
மற்ற எல்லாருக்கும் சுவரில்லாத ஒரு கூரை.
தண்டவாளத்துக்கு இரண்டு இணைகோடுகள்.
தாளின் இரு ஓரத்திலும் அவற்றை
நெளிகோட்டால் முறித்திருந்தான்.
எங்கள் தொழிலில் அந்த முறிவுக்கு
'இது தொடரும்' என்று பொருள்.

தொடர்ந்தது.
கபிலேந்திரன் வீட்டுக் கிணற்றின் குறுக்கே ஒரு துண்டு,
கப்பி தொங்குகிறது.
ஒலுமடுவில் பள்ளிக்கூட மணி அதுதான்,
பாலை மரத்தில் ஓரடி இரும்பு,
அடிப்பதும் ரயில்பாதைப் போல்ட்டாலேயே.
பவளராணியின் கோழிக்கூட்டுக்கு உத்தரம்.
தொண்ணூறுக்குப் பிறகு கோச்சி வரவில்லை,
ஆகவே நிலையம் புறப்பட்டுப் போயிற்று.
மாட்டுவண்டியில், உழவு இயந்திரப் பெட்டியில்,
சைக்கிளின் பின்னால் கயிறு கட்டி இழுபட்டு,
எந்த அட்டவணையிலும் இல்லாத நேரங்களில்.
அத்தனையும் வரைவதென்றால்
ஒன்றுக்கு ஐம்பது அளவிலேயே
தாள் ஒட்டுசுட்டான் வரைக்கும் வேண்டும்.

சிலிப்பர்க் கட்டைகளை எனக்குக் கீழிருந்து தெரியும்.
ஒன்பதடி நீளம், பத்தங்குல அகலம்,
எங்கள் பங்கருக்குப் பன்னிரண்டு, மேலே மண்மூட்டை.
இரண்டு முனையிலும் தண்டவாளம் இருந்த தழும்பு,
ஆணி கழன்ற துளைகள்.
அதிர்ந்தால் துளைவழியே மண் உதிரும்,
அடங்கினால் வெளிச்சம்.
இடத் தழும்புக்கும் வலத் தழும்புக்கும் நடுவில்
ஆறு பேர் படுத்தோம்.
தம்பி கோச்சியைக் கண்டதில்லை.
எங்கே பொறுக்கினானோ,
விழுகிற ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு ஸ்டேசன் சொன்னான்:
புளியங்குளம். மாங்குளம்.
முறிகண்டி. கிளிநொச்சி.
பரந்தனில் நிறுத்துவான்.
அடுத்தது என்னவென்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பொறியியலாளர் நிமலசிறி தாளைப் பார்த்தார்.
நல்ல மனிதர். தமிழ் எழுத்துகளை விரலால் தொட்டார்.
குறிப்புகள் என்ற கட்டம் காலியாக இருக்கிறதே என்றார்.
எழுதினேன்:
'கட்டடத்தின் ஏனைய பாகங்கள் தளத்தில் இல்லை.'
போதும், என்றார்.

திங்கட்கிழமை வளைவுகள் போயின.
வீரை மரத்துக்கு ஒரு முழுக் காலை எடுத்தது.
இருபதடி தள்ளிப் புதிய பாதை,
கொங்கிறீட் கட்டைகள், நீலம் பூத்த தண்டவாளம்.
யாரும் கேட்காமலே நாடாவை விரித்தேன்.
உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு
ஐந்தடி ஆறங்குலம்,
பழைய தாளில் உள்ளது போலவே.
அன்றைக்கு அளந்து பார்க்க
எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.
ஆறு பேர். இவ்வளவுக்குள்.

"சரியோ அக்கா?" என்றான் கபிலேந்திரன்
மறுமுனையில் குந்தியபடி.
இன்னொருதரம் பிடி என்றேன்.